அத்தைக்கு ஒரு ஸ்கேன்

“முதல்ல நீ படும்மா. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் நான் படுக்கிறேன்.”

ஸ்கேன் அறைக் கட்டிலைப் பார்த்ததும் மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மருமகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தையல் மெஷின் மிதிப்பவள். தனக்கென்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. இன்று அரை நாள் போட்டதே அத்தைக்காகத்தான். ஒரு வாரமாக அவர் கழுத்தைத் தடவித் தடவி, ரத்தக்குழாயில் ஏதோ அடைக்கிறது, இனி நான் ரொம்ப நாள் இல்லை என்று வீட்டையே ரெண்டு பண்ணிக்கொண்டிருந்தார்.

ஊசி கிடையாது, கத்தி கிடையாது, கழுத்தில் கொஞ்சம் பசை தடவி ஒரு சின்னக் கருவியை வைத்து நகர்த்துவதோடு சரி என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமியார் மசியவில்லை.

மருமகளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள்.

“நல்லா பாத்துக்குங்க அத்தை. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

முடியவில்லை. டாக்டரம்மா ஒரே இடத்தில் கருவியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். மாமியார் மெல்லக் கட்டிலருகே வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் என்ன தெரிகிறது என்று தணிந்த குரலில் கேட்டார்.

இது மிக நுண்ணிய ஒலி அலை, குழாய்ச் சுவரின் அடுக்குகளைக்கூடப் பிரித்துக் காட்டும் என்றார் டாக்டரம்மா. சுண்ணாம்பு மாதிரி இறுகிய படிவு வெளுப்பாகத் தெரியும். மெத்தென்ற கொழுப்பு கறுப்பாகத் தெரியும். இங்கே இருப்பது கறுப்பு. இறுகியதைவிட இதுதான் பொல்லாதது. பிய்ந்து கண்ணுக்குப் போனால் பார்வை இருட்டும், மூளைக்குப் போனால் ஆளையே சாய்த்துவிடும். நல்லவேளை, சின்னதாக இருக்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது. இன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகாது.

மாமியார் தன் கைக்குட்டையால் மருமகளின் கழுத்துப் பசையைத் துடைத்துவிட்டார். குழந்தைக்குத் துடைப்பது போல, காதுமடலுக்குப் பின்னால்கூட விடாமல்.

மருமகள் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னுதை அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர். முதல்ல அத்தையைப் பாருங்க.”

டாக்டரம்மா மாமியாரைப் பார்த்தார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஸ்கேன் எழுதினதே உங்க பேருக்குத்தாம்மா. போன வாரம் இவங்க தனியா வந்தாங்க. ‘என் மருமக ஒரு கண்ணு மட்டும் இருட்டுதுன்னு ரெண்டு தடவை சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவளுக்குன்னா வரமாட்டா டாக்டர், எனக்குன்னா ஓடி வருவா’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”