இரண்டு சாவி மரியாதை

முதியோர் இல்லத்தில், திறந்த தட்டில் நின்ற இருமல் மருந்துப் பாட்டிலுக்கு ஒரே வயிற்றெரிச்சல். பக்கத்து இரும்பு அலமாரிக்குள் போதை தரும் வலி மாத்திரை அட்டை ஒன்று குடியிருந்தது. அதை எடுக்க இரண்டு நர்ஸ் வந்து, ஆளுக்கொரு சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

"என்னைப் போறவங்க வர்றவங்க எல்லாம் தூக்கிக் குலுக்குறாங்க. உனக்கு மட்டும் மகாராணி உபசாரமா?" என்றது பாட்டில்.

"என்னைக் கண்டு பயந்துதான் பூட்டுறாங்க அக்கா. நீங்க நாலு பேரு முகம் பாக்குறீங்க, எனக்கு இந்த இருட்டுதான்," என்றது அட்டை உள்ளேயிருந்து.

"பெருமையைக்கூட அழுதுகிட்டே சொல்றா பாரு!" என்று பொருமியது பாட்டில்.

ஒருநாள், அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்த சவரிமுத்து ஐயா காலமானார். இரண்டு நர்ஸும் வந்து அலமாரியைத் திறந்தார்கள்.

"மிச்சம் வேற யார் கையிலயும் சிக்கக் கூடாது புஷ்பா. நான் பிரிக்கிறேன், நீ கூடவே நின்னு பாரு," என்றாள் மூத்தவள்.

மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரக் காப்பிச் சக்கையில் பிசைந்து, கழிவு டப்பாவில் போட்டு இறுக மூடினார்கள்.

"இப்பவாவது உன் மனசு ஆறிச்சா?" என்று கேட்டது பக்கத்திலிருந்த களிம்பு டப்பா.

பாட்டில் மூடிவரை பொங்கியது.

"எங்கே ஆறும்? சாவுக்குக்கூட அவளுக்கு ரெண்டு பேரு வந்து நின்னாங்களே, பாத்தியா!"