கோவமா சொல்றேன்

“கோவமா சொல்றேன் ஜூடு! நேத்து ஏன் ஒரு வார்த்தகூட சொல்லாம அஞ்சு மணிக்கே கெளம்பிப் போன?”

பொம்மைகள் காயும் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து மகள் ஃப்ளோராவின் குரல் வந்ததும், இடையன் பொம்மையின் அங்கிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பிலோமின்ராஜின் கை நின்றது. போச்சுடா, இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள்!

“வருத்தமா சொல்றேன் ஃப்ளோரா. இனிமே சொல்லாம போவ மாட்டேன்” என்றான் ஜூடு.

விருத்தாசலத்தில் அந்த ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் மட்டும் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். முதலாளி பிலோமின்ராஜுக்குக் காது சுத்தமாகப் போய், போன வருஷம் ஆபரேஷன் செய்து மெஷின் வைத்தார்கள். வார்த்தையெல்லாம் நன்றாகவே கேட்டது. ஆனால் பேசுகிறவர் கோபிக்கிறாரா, அழுகிறாரா என்று மட்டும் தெரியவில்லை. எல்லாக் குரலும் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரியே இருந்தது. பூசையில் பாட்டுக்குழு பாடினால் யாரோ தகர டப்பாவை உருட்டுவது போலக் கேட்டது.

“எம் புள்ள துபாய் போயிட்டாண்ணே” என்று தங்கை போனில் அழ, “ரொம்ப சந்தோஷம்மா” என்றுவிட்டார். பெரிய ரகளை ஆகிவிட்டது. அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இது. மனசில் என்னவோ, அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். “பசியோட சொல்றேன், டீ இன்னும் வரல” என்பார் சூளை பார்க்கும் மாயவன்.

கிறிஸ்துமஸுக்கு முந்நூறு குடில் செட் ஆர்டர். பொம்மைக்கு முகம் எழுத ஜூடுவை விட்டால் ஆள் கிடையாது. இவள் தினமும் திட்டுகிற திட்டில் அவன் ஓடிப்போய்விட்டால்?

பிலோமின்ராஜ் மகளைக் கூப்பிட்டார். “கெஞ்சிக் கேக்குறேம்மா, அந்தப் பையன வுட்டுரு.”

“கோவமா சொல்றேம்ப்பா, என்னால வுட முடியாது!”

அவனையும் கூப்பிட்டார். “வருத்தமா சொல்றேன் தம்பி, அவ பேசுறத மனசுல வெச்சுக்காத.”

“வருத்தமா சொல்றேன் முதலாளி, மனசுலதான் இருக்குது.”

பயந்துபோனவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெண்ணாடம் மாதா கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய செட்டைக் கட்டி, “ரெண்டு பேரும் ஒரே பைக்குல போங்க. வழியில டீ குடிச்சி, பேசி சமாதானமாயிட்டு வாங்க” என்று அனுப்பிவைத்தார்.

காலையில் போனவர்கள் பொழுது சாய்ந்துதான் வந்தார்கள். வந்த கையோடு அலமாரிக்குப் பின்னாலிருந்து, “கோவமா சொல்றேன் ஜூடு, நாளைக்கு லேட்டா வந்தீன்னா பேசவே மாட்டேன்!” என்று கேட்டது.

கடவுளே, சமாதானம் ஆகவே இல்லையே!

பெரிய மகளின் பேறுகாலத்துக்காகச் சென்னை போய், ரெண்டு மாசம் கழித்து அப்போதுதான் உள்ளே நுழைந்த அவர் மனைவி பாக்கியமேரி, கையிலிருந்த பையைக்கூட வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

“பாத்தியா பாக்கியம், ரெண்டு மாசமா அந்தப் பையன இப்புடித்தான் திட்டுறா. ஒரே பைக்குல பெண்ணாடம்கூட அனுப்பிப் பாத்துட்டேன், சமாதானமே ஆவல.”

“திட்டுறாளா?” பாக்கியமேரி வாயில் கை வைத்தாள். “ஏங்க, நிச்சயம் ஆனப்புறம் டெலிபோன் பூத்துலேருந்து உங்களுக்கு போன் பண்ணுவனே, அப்ப நான் கொழைஞ்ச குரலு இது! இதுல ஜோடியா பைக்குல வேற அனுப்புனீங்களா?”

இடையன் பொம்மை பிலோமின்ராஜின் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

“இத நீ கோவமா சொல்றியா, சந்தோஷமா சொல்றியா? மொதல்ல அத சொல்லு!”

“பயங்கரக் கோவமா சொல்றேன். ஞாயித்துக்கெழம ஜூடுவோட அப்பா அம்மாவ நம்ம வூட்டுக்கு வரச் சொல்லுங்க” என்றாள் பாக்கியமேரி, மகளைவிட அதிகமாகக் குழைந்துகொண்டு.