மெஷினில் விட்ட தகவல்

ஃபவாஸ் வீட்டு ஃபோன் பக்கத்திலிருந்த ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. யாரோ தகவல் விட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, சாட்சாத் வெர்னாவேதான்.

காலையில் அரசாங்க ஆட்கள் அவள் வேலை பார்க்கும் கேபிள் ஆபீசுக்கு வந்து ஃபவாஸின் இன்டர்நெட் கணக்கைக் கேட்டார்கள். அவர்கள் படியிறங்கியதும் அவள் இவன் வீட்டுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். வாடிக்கையாளரின் கணக்கைக் கேட்டால் அவரிடம் சொல்லியாக வேண்டும், அவர் கோர்ட்டுக்குப் போய்த் தடுக்கலாம் என்பது சட்டம். இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்தாள்.

மத்தியானம் கம்பெனி வக்கீல் வந்தார். நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தபிறகு சட்டம் மாறிவிட்டதாம். வாயைத் திறந்தால் ஜெயிலாம்.

அட பாவி மனுஷா, இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

ஃபவாஸ் பேக்கரியைப் பூட்டிவிட்டு வரும்வரை டெட்ராய்ட் குளிரில் அவன் வாசலில் நின்றிருந்தாள்; இப்போதுதான் அவனோடு உள்ளே வந்தாள். டி.வி.யில் படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வந்ததாக ஒரு பொய். எப்படியாவது தகவல் பதிந்த டேப்பை மெஷினிலிருந்து உருவிவிட வேண்டும். நல்ல பையன்தான். அதற்காக இந்த வயசில் கம்பி எண்ணவா முடியும்?

“உங்களையா இந்தக் குளிர்ல அனுப்பினாங்க, மிஸ் வெர்னா? ஆபீஸ்ல மனுசங்களே இல்லையா?” என்று சிரித்தான். “உக்காருங்க, டீ போடறேன். அதுக்கு முன்னாடி யார் கூப்பிட்டாங்கன்னு பாத்துடறேன். பெய்ரூட்ல அம்மாவுக்கு ஒடம்பு முடியல.”

“அப்புறம் கேளேன்…” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவன் பொத்தானை அமுக்கினான்.

வெர்னா கண்களை மூடிக்கொண்டாள்.

சத்தமே இல்லை. இன்னொரு தரம் அமுக்கினான். மெஷினைத் தட்டினான். மூடியைத் திறந்தான்.

“டேப்பைக் காணோமே! காலையில நான்தானே போட்டேன்?”

பின்கதவைப் பார்க்க ஓடினான். ஜன்னல்களை இழுத்துப் பார்த்தான். எல்லாம் பூட்டியது பூட்டியபடி இருந்தன.

காலையில் ஆபீஸ் படியிறங்கிப் போனவர்கள் வெர்னாவின் நினைவுக்கு வந்தார்கள். ஆபீஸ் வழக்கப்படி, தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டுத்தான் காலையில் ஃபோனை வைத்திருந்தாள்.

ஃபவாஸ் திரும்பி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“முக்கியமான விஷயம்னா திரும்பக் கூப்பிடுவாங்கல்ல, மிஸ் வெர்னா?”

“கூப்பிடுவாங்க” என்றாள் வெர்னா.