மூஞ்சி போடாத பெயிண்டர்

"மூஞ்சியே இல்லாத ஆளுங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படிப்பா வியாபாரம் பண்றது?" என்றார் தர்மபுரி ஃபேன்ஸி ஸ்டோர் பெரியண்ணன்.

தாவூது கொண்டுபோன ஆட்டப் பெட்டி அவர் முன்னால் திறந்து கிடந்தது.

பாப்பிரெட்டிப்பட்டியில் கடிகார ரிப்பேர் செய்து பிழைக்கிற தாவூது, சொந்தமாக ஓர் ஆட்டம் கண்டுபிடித்திருந்தான். பெயர் 'கணவாய்'. தாயக்கட்டையை உருட்டி, தொப்பூர் மலைமேலிருந்து அட்டை லாரியைப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டும். பிரேக் பிடிக்காத கட்டத்தில் மாட்டினால் மறுபடியும் உச்சிக்கே போக வேண்டியதுதான். ஊரில் ஆடிப் பார்த்தவர்கள் யாரும் ஒரே ஆட்டத்தோடு எழுந்து போனதில்லை.

படம் போட்டவன் ஞானராஜ். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டர், தாவூதோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனை யாரும் வரையச் சொல்லவில்லை. ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்து, அதற்கு வேண்டிய ஆட்களை அவனே கற்பனை செய்து, பெயரும் வைத்து, வாரத்துக்கொரு படமாகக் கொண்டுவந்து கொடுத்தான். டிரைவர் சென்றாயன், மீன் வறுக்கும் தீர்த்தம்மாள், பரிசல்காரர், புளி வியாபாரி.

எல்லாம் அருமையான படங்கள். ஒரே குறை, ஒருத்தருக்கும் முகம் கிடையாது. சென்றாயன் முதுகைக் காட்டிக்கொண்டு லாரியில் ஏறுகிறார். தீர்த்தம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். பரிசல்காரர் தலைமேல் பரிசலைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார்.

"அகத்தின் அழகு முகத்துல தெரியும்பாங்க. உன் ஆளுங்களுக்கு அதைப் பார்க்க வழியில்லையே" என்று சிரித்தார் பெரியண்ணன். "மூஞ்சி போட்டுக் கொண்டா. ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போற கூட்டம் பூரா நம்ம கடை வழியாத்தான் போவும். எத்தனை பெட்டி செஞ்சாலும் எடுத்துக்கறேன்."

மற்ற கடைக்காரர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதையும் விட்டால் 'கணவாய்' அவ்வளவுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாவூது நேராக ஞானராஜைத் தேடிப் போனான். அவன் உரக்கடை வாசலில் ஏணிமேல் நின்று போர்டு எழுதிக்கொண்டிருந்தான். தாவூது விஷயத்தைச் சொன்னான். கெஞ்சியும் பார்த்தான்.

"வேற என்ன வேணும்னாலும் கேளு, வரைஞ்சு தர்றேன். மூஞ்சி மட்டும் போட மாட்டேன்" என்றான் ஞானராஜ்.

"ஏன்டா?"

"எனக்கு வராதுன்னே வெச்சுக்கோ."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். சர்ச்சுல நீ வரைஞ்ச மாதா படத்தைப் பார்த்து ஊரே கையெடுத்துக் கும்புடுது. அங்க வந்த மூஞ்சி எனக்குன்னா வராதா?"

ஞானராஜ் பிரஷைத் துடைத்தான். கீழே நின்ற நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். உரக்கடைக்காரர் தாவூதைத் தனியாக அழைத்து, சிநேகிதன் முன்னுக்கு வந்துவிடுவானே என்று ஞானராஜுக்கு வயிற்றெரிச்சல்தான், வேறென்ன என்றார். தாவூதுக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வாரமும் ஞானராஜ் புதுப் படம் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். மழைக்குக் கோணிப்பையைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு லாரிக்குக் கைகாட்டும் பெண். அதிலும் முகம் தெரியவில்லை. தாவூது அதைப் பிரித்த கையோடு சுருட்டி மூலையில் போட்டான்.

மறுநாளே தர்மபுரிக்குப் போய் வேறொரு ஆர்ட்டிஸ்டைப் பிடித்தான். அந்த ஆள் பிரமாதமாக வரைந்து கொடுத்தார். டிரைவர் மீசையை முறுக்கினார், தீர்த்தம்மாள் பல் தெரியச் சிரித்தாள். பெரியண்ணன் பார்த்துவிட்டு, இதையே ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கொடு என்று தோளில் தட்டினார்.

மதியம் தாண்டி வீட்டுக்கு வந்த தாவூது, படங்களைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தான். இருப்பது ஒரே அறை. அவன் வேலை செய்வதும் சாப்பிடுவதும் அதில்தான், அவன் அம்மா ஜுபைதா ஐந்து வேளையும் தொழுவதும் அதில்தான்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஜுபைதா கை, கால், முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். விரிக்க எடுத்த தொழுகைப் பாயை மடித்து இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"குல்ஷன் வூட்டுல தொழுதுட்டு வந்துர்றேன்."

"ஏன், இங்க என்ன?"

"இத்தனை மூஞ்சி பார்த்துக்கிட்டு இருக்கிற எடத்துல எப்படிப்பா தொழுவுறது? பரவால்ல, உனக்குப் பொழப்பு ஆவணும். நான் பக்கத்து வூட்டுக்குப் போயிக்கறேன்."

"இத்தனை மாசமா இங்க படம் இருந்துச்சே, அப்பல்லாம் தொழுதீங்களே?"

"அது ஞானராஜு படம். மொத படம் வரையறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து கேட்டான். மூஞ்சி தெரியாம இருந்தா போதும்பான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவன் மாத்தவே இல்ல."

தாவூது வாசல்வரை பின்னாலேயே வந்தான். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

ஜுபைதா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவன்தான் வேணாம்னு கையப் புடிச்சுக்கிட்டான். தெரிஞ்சா நீ எனக்காக ஆட்டத்தையே வுட்டுருவேன்னு அவனுக்குப் பயம்."