மேடை ஏறாத யானை

இயக்குநர் மூன்றாம் முறையாகக் கணினியில் 'யானை' என்று தட்டினார். திரை மூன்றாம் முறையாகவும் 'ஒன்றும் இல்லை' என்றது.

நாடகக் குழுவின் உடுப்புக் கிடங்கு அது. உள்ளே ஒரு ஈ பறந்தாலும் நாலு ஜிகினா உதிரும், அப்படி அடைத்திருந்தது. அதற்குள் ஒரு யானை இல்லையாம்.

"நானே தைச்சேன் சார், இருக்கு!" என்றார் தையல்காரர்.

"எந்தப் பெட்டியில?"

அது கணினிக்குத்தான் தெரியும். இயக்குநர் வாடகைக் கடைக்குப் போன் போடத் தொடங்கினார். மாலையே நாடகம்.

தையல்காரர் போனுக்குக் குறுக்கே கையை நீட்டினார். முன்னங்காலுக்கு ஓராள், பின்னங்காலுக்கு ஓராள் என்று இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் தைத்த யானை. அந்த நாடகம் நின்றுபோனது. யானை ஒருநாள்கூட மேடையைப் பார்க்கவில்லை.

கிடங்குக் கணக்கைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் கணினி அம்மாள் திரையை முறைத்தாள். போன வாரம்வரை 'கிரீடம்' என்று தேடினால் ஒரே கிரீடம் அறுபத்து மூன்று தடவை வந்து நிற்கும். அறுபத்து மூன்று நாடகத்தில் ஆடிய கிரீடம். உடுப்பு எண் வாரியாகத் தொகுத்து அதை ஒன்றாக்கியவள் அவள்தான்.

சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நாடகப் பட்டியலோட பொருந்துற உடுப்பை மட்டும் தேடல்ல சேர்த்துக்கோன்னு கணினியில எழுதி வச்சிருக்கேன் டெய்லரே. ஒரு நாடகத்துலயும் ஆடாதது தேடினா எப்படி வரும்?"

"அடப் பாவமே! என் யானைய முழுங்குனது நீங்கதானா?"

நாடகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடுப்பு வரட்டும் என்று ஒரே ஒரு வரியை மாற்றினாள். தேடல் பட்டியலை மறுபடி தயாரிக்கக் கணினிக்குச் சொன்னாள்.

மேடை காணாத நானூற்றுப் பன்னிரண்டு உடுப்புகள் திரையில் முண்டியடித்துக்கொண்டு வந்தன. பூதம், தபால் பெட்டி, அரை முதலை, நடுவே யானை. மேல் அடுக்கு, 907ஆம் பெட்டி.

தையல்காரர் ஏணியில் ஏறவில்லை, பறந்தார்.

உதறியபோது கிளம்பிய தூசியில் மூவரும் போட்ட தும்மலுக்குக் கூரை இரண்டங்குலம் உயர்ந்தது. யானை மட்டும் நேற்றுத் தைத்ததுபோல் மினுமினுத்தது.

இயக்குநர் விரித்துப் பார்த்தார். முன்பாதி தையல்காரருக்கு அச்சாகப் பொருந்தியது. பின்பாதி நல்ல குட்டை.

"இவ்வளவு குள்ளமான ஆளுக்கு இப்ப எங்க போறது?"

தையல்காரரின் காது சிவந்தது.

கணினி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். செருப்பையும் உதறினாள்.

"இடுப்புல மட்டும் ரெண்டு விரல் பிரிச்சு விடுங்க டெய்லரே. எனக்கு நீங்க அளவெடுத்து இருபத்தாறு வருஷம் ஆச்சுல்ல?"