அக்கா வண்டிக்கு நம்பர்

கடைசியில் உங்களைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இப்போது வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒரு மேஜை முன்னால் என் அக்கா நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வராது.

"கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருக்கு. வேற ஃபாரம் எழுதிட்டுத் திரும்ப வாங்க."

சொன்னவர் சோதனை அதிகாரி. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'திரும்பவா'.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை போட்டோவில் காது தெரியவில்லை. இரண்டாவது தடவை பேனா மை நீலம்.

அக்கா வேலை பார்த்த லேத் பட்டறை போன மாதம் மூடிவிட்டது. மூன்று ஓட்டை வண்டிகளை வாங்கி, ஒன்றின் ஃபிரேம், ஒன்றின் இன்ஜின், ஒன்றின் சக்கரம் என்று சேர்த்து இரண்டு வருடமாக அவளே கட்டிய மோட்டார் சைக்கிள்தான் இப்போது வெளியே நிற்கிறது. ஓடும். நம்பர்தான் கிடையாது. திங்கட்கிழமை மதியத்துக்குள் ஆர்.சி. புக்கைக் காட்டினால் பார்சல் கம்பெனியில் வேலை. காட்டாவிட்டால் அது வேறு யாருக்கோ.

"சார், திங்கட்கிழமைக்குள்ள..."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து திங்கட்கிழமையைப் பத்திப் பேசினா எப்படிம்மா? ஆமா, தம்பி வரலையா?"

"வெளியில எங்கேயோ நிக்கிறான் சார்."

"ம். போய் பெஞ்சுல உட்கார்ந்து எழுதுங்க."

தம்பி எங்கேயோ எல்லாம் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, கையில் போனோடு நின்றுகொண்டிருந்தேன்.

எந்தக் குரலாக இருந்தாலும் எனக்கு அப்படியே வரும். பள்ளிக்கூட மைக்கில் தலைமை ஆசிரியர் குரலில் அரை நாள் லீவு விட்டு, அதற்காக ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றவன் நான்.

திரும்பவா குரல் ரொம்பச் சுலபம். முக்கால்வாசி மூக்கு. முதல் தடவை வண்டி பக்கத்தில் குந்தி, ஃபிரேம் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். எழுந்து, "இந்தச் செயின் சத்தத்துக்குத் தனியா ஹாரன் வேற எதுக்கு?" என்றார். ராத்திரி சாப்பிடும்போது அதையே மூக்கால் சொல்லிக் காட்டினேன். அக்கா கரண்டியை வீசினாள். மறுநாள் செயினை மாற்றினாள்.

இரண்டாவது தடவை, "பிரேக் பிடிச்சா அடுத்த தெருவுலதான் நிக்கும் போல!" என்றார். அதையும் சொல்லிக் காட்டினேன். அக்கா சாப்பிடாமல் எழுந்து போய் பிரேக்கைப் பிரித்துப் போட்டாள்.

இன்று நான் வாசலில் காவலாளியிடம் அவர் குரலிலேயே வம்பிழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவா முன் சக்கரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாராம்.

"மேஜைக்கு அடியில ஏதாவது போகணும் தம்பி," என்றார் ஜன்னல் ஓரமாக வரிசையில் நின்ற ஒருவர். "அதுவரைக்கும் இப்படித்தான்."

அக்கா பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஃபாரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவசரமாகத் துடைத்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அலுவலகப் பலகையில் இருந்த அவர் மேஜை நம்பருக்குப் போன் போட்டேன். மேலதிகாரி குரல். போன தடவை வராந்தாவில் கத்திக்கொண்டு போனபோது பிடித்து வைத்தது. வாக்கியத்துக்கு ஒரு இருமல்.

"க்ஹும்! என்னய்யா நடக்குது அங்க?"

"ஐயா!" திரும்பவா துள்ளி எழுந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்களும் கடித்துக்கொள்ளுங்கள், இன்னும் நேரமிருக்கிறது.

"க்ஹும்! அந்த மோட்டார் சைக்கிள் பொண்ணை ஏன்யா அலைய விடுற? இப்பவே சோதனை போட்டு முடி!"

அவர் மெதுவாக உட்கார்ந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாங்கய்யா. இன்னிக்குப் போட்டா ஃபெயில்."

"ஃபெயிலா?" இருமல் மறந்துவிட்டது.

"கையால கட்டுன வண்டிக்குச் சோதனை ஒரே தடவைதானுங்களே. ஃபெயில்னு எழுதிட்டா ஆயுசுக்கும் நம்பர் கிடையாது. நேரா பழைய இரும்புக் கடை. அதனாலதான் ஃபாரத்துல நொட்டை சொல்லி, சோதனைக்கே எடுக்காமத் திருப்பிக்கிட்டிருக்கேன்."



"அப்போ... என்ன குறைன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சோதனை போடுறவன் யோசனை சொல்லக் கூடாதுங்களே, வேலை போயிடும். அந்தப் பொண்ணுக்கு ஒரு தம்பி. வாசலைத் தாண்டுறதுக்குள்ளயே என்னை மாதிரி பேசிக் காட்டுற பய. வீட்டுக்குப் போய் சும்மாவா இருப்பான்? அவன் காதுல விழுற மாதிரி கிண்டல் பண்ணினேன். செயின் மாறிச்சு, பிரேக் மாறிச்சு. இன்னிக்குன்னு பார்த்து ஆளைக் காணோம்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்கய்யா. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க் வெல்டிங்ல முடியளவு விரிசல். வலது பக்கம், அடியில. வேகத்துல போனா ரெண்டா உடையும், புள்ளை உயிரோட இருக்காது. அதைச் சரி பண்ணிட்டுத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்தா முதல் ஆளாப் பார்த்து முடிச்சிடுவேன்."

"க்ஹும்... சரிய்யா." குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

"வலது பக்கம், அடியில. சரியாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பெரிய ஆபீசர் போன வாரமே மாற்றலாகிப் போயிட்டார் தம்பி. வெல்டிங் கடை அஞ்சு மணிக்கு மூடிடும், அக்காவைக் கூட்டிக்கிட்டு ஓடு."