பதினோராவது குலுக்கல்

“என் பேர டப்பாவுல போட்டீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

பிருந்தா குரல் உயர்த்தி அவர்கள் பார்த்ததில்லை. தலைமை நர்ஸ் லீலாவதி கையிலிருந்த பிஸ்கெட் டப்பாவை மேசையில் வைத்தார். ஏழுமலை முகக்கவசத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

உத்திரமேரூர் சாலையில் இருந்த அந்த மருத்துவமனையின் கொரோனா ஐசியூவில், பகல் ஷிப்டுக்கு அவர்கள் மூவர்தான். நோயாளியின் தொண்டைக்குள் சுவாசக் குழாய் போடும்போது டாக்டரோடு ஒரு நர்ஸும் முகத்துக்கு நேரே குனிந்து நிற்கவேண்டும். கிருமி அதிகம் தெறிக்கும் நேரம் அது. யார் நிற்பது என்று முதல் நாளே பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி டப்பாவில் போட்டார்கள்.

“நம்ம ஊருக்கு குடவோலை இன்னா புதுசா?” என்று அன்று சிரித்தவன் ஏழுமலை.

சீட்டு எடுப்பவர் டாக்டர் நந்தகுமார். எடுத்த சீட்டு மறுபடி டப்பாவுக்குள் போய்விடும். இன்று அவர் விரல்கள் வெகுநேரம் துழாவி ஒன்றை எடுத்தன. ஏழுமலை.

“பதினோரு குலுக்கல் ஆயிடிச்சி. என் பேரு ஒரு தபா கூட வர்ல. மூணு பேர்ல ஒருத்தருக்கு இப்டி ஆவறது நூத்துல ஒரு வாட்டி நடந்தா பெருசு. கணக்கு போட்டுப் பாத்துட்டேன்.”

“இதான் அந்த ஒரு வாட்டின்னு வச்சிக்கோயேன்,” என்றார் லீலாவதி. “சந்தோசமா வூட்டுக்குப் போவாம, சண்ட போட்டுக்கினு கீற.”

“ரெண்டு வயசுப் பாப்பா கீதுன்னுதான என்ன ஒதுக்கறீங்க? எனக்குப் பரிதாபம் வேணாம், சிஸ்டர்.”

“அக்கா, நேரமாவுது. நான் போய் டிரஸ் மாட்றேன்,” என்றான் ஏழுமலை.

“நில்லு. நாலாம் பெட்டுக்கு நான் வாக்கு குடுத்துகீறேன்.”

கண்ணாடிக்கு அப்பால், நாலாம் படுக்கையில் கண்ணகி இருந்தார். புள்ளலூரில் நடவு வேலை செய்பவர். காலையில் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார்: “தொண்டைல கொழா போடறாங்களாமே. நீ கூட இருப்பியா, நர்சம்மா?”

“நான்தான் இருப்பேன்,” என்று பிருந்தா சொன்ன பிறகே அந்தக் கை அவள் கையை விட்டது.

“அதுக்கு இன்னா பண்றது? வந்த சீட்ட மாத்திக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதான,” என்றார் லீலாவதி.

“ஏமாத்து வேல பண்றவங்க சட்டம் பேசக் கூடாது.”

பிருந்தா டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். தன் பெயர் இல்லாமல் இரண்டு சீட்டுகள்தான் விழும் என்று நினைத்தாள். ஒரு குவியலே விழுந்தது.

ஒவ்வொன்றாகப் பிரித்தாள். லீலாவதி. ஏழுமலை. லீலாவதி. லீலாவதி. ஏழுமலை. நடுவில் ஒரே ஒரு பிருந்தா. மறுபடி ஏழுமலை, லீலாவதி. மொத்தம் பன்னிரண்டு.

லீலாவதி ஏழுமலையை முறைத்தார். “டேய், நீயுமா?”

“உங்களுக்கு சுகர் கீது, சிஸ்டர். அக்காவுக்குப் பாப்பா கீது. நான்தான் தனிக்கட்ட.”

“ஆவணில கல்யாணத்த வச்சிக்கினு தனிக்கட்டையாம். அஞ்சு சீட்டு போட்டுகீறான் பாரு, திருட்டுப் பய!”

“நீங்க மட்டும்? ஆறு போட்டுகீறீங்க!”

“அதான் டப்பாவுல கைய வுட்டா ஒரே பேஜாரா இருந்துதா?” என்றார் டாக்டர்.

பிருந்தா சிரிக்கவில்லை. “ரெண்டு பேரும் பண்ணது மோசடி. இன்னிக்கு சீட்டு செல்லாது. நான் போறேன். நாளைலருந்து வரிசையா, ஆளுக்கு ஒரு நாள். டப்பாவே வேணாம்.”

லீலாவதி சீட்டுகளை வாரி டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

கவச உடை மாட்டும் முன் பையில் எதுவும் இருக்கக் கூடாது. பிருந்தா உள்ளதையெல்லாம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, உடை மாட்டிக்கொண்டு நாலாம் படுக்கையை நோக்கி நிமிர்ந்து நடந்தாள்.

செல்போன், பேனா, பாப்பாவின் தலைக் கிளிப். பக்கத்தில், டப்பாவில் போடச் சமயம் பார்த்து அவள் காலையிலிருந்து மடித்து வைத்திருந்த எட்டுச் சீட்டுகள், எட்டிலும் பிருந்தா.